ஹீமோகுளோபின் ஒன்பது

உப்புவெளி ஹோட்டல் வாசலில்
காவலாளி என்னிடம் கேட்டது பாஸ்போர்ட்.
அடையாள அட்டையை நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"நல்லாத் தமிழ் கதைக்கிறீங்களே!"
ஓம் அண்ணா,
பிறந்ததிலிருந்து பழகுகிறேன்.

உள்ளே மனேஜரிடம்
சனிக்கிழமைக்கு ஒரு திட்டம் இருந்தது.
தென்னோலைப் பாவாடை, தீப்பந்தம்,
ஆபிரிக்க இரவு.
"உங்கட ஆக்களுக்கு
ஆட்டம் இரத்தத்திலேயே இருக்குத்தானே.
கரி பூசுற செலவும் மிச்சம்."
பகிடிதான்.
அவர் பகிடிக்கு அவரே சிரித்தார்.

என் இரத்தத்தை
பெரியாஸ்பத்திரியில் இரண்டு தடவை பார்த்திருக்கிறார்கள்.
ஹீமோகுளோபின் ஒன்பது.
ஆட்டத்தைப் பற்றி
ஒன்றும் எழுதித் தரவில்லை.

ஏழாம் ஆண்டில்
என்னைக் கேட்காமலே நூறு மீற்றருக்குப் பெயர் கொடுத்தார்கள்.
இல்லம் முழுக்க என் பெயரைக் கத்தியது.
பெயரை இல்லை:
காப்பிரி, காப்பிரி, காப்பிரி.
ஆறாவதாக வந்தேன்.
ஓடியதே ஆறு பேர்.
இன்ஹேலரை மறந்துவிட்டு வந்த நாள்.
யாரும் ஏசவில்லை,
உடைத்த தேங்காயில் தண்ணீர் இல்லாததுபோல்
பார்த்தார்கள்.

அந்தச் சொல்லுக்கு
கிண்ணியா சஹ்மியாதான் அர்த்தம் சொன்னாள்,
இறங்குதுறையில் கச்சான் கொறித்தபடி.
"அரபுச் சொல்லடி அது. நம்பிக்கை இல்லாத ஆள் என்டு அர்த்தம்."
பாலையூற்று மாதா கோயிலில்
ஞாயிறு முதற்பூசை தவறாதவள் நான்.
புரைக்கேறும்வரை சிரித்தோம்.
எந்தக் கப்பலில், யார்,
யாரை அந்தச் சொல்லால் எண்ணினார்களோ.
எண்ணி முடித்துக் கப்பலும் போய்விட்டது.
சொல் மட்டும் இறங்கி
எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டிக்கொண்டது.

அதைத்தான் முதலில் எழுதினேன்.
மனையாவெளியில் கபிலேஷ் வீட்டுக் குசினி எங்கள் ஸ்டூடியோ.
அரிசி மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும்.
அவன் லாப்டொப்பில் தாளம் விழ, நான்:

கப்பல் கணக்கில் என்னை எழுதினாய்
உப்புக் காற்றில் உலரப் போட்டாய்
செப்பு நிறமென்று சமாளிக்காதே
தப்பு மச்சான், நான் கறுப்பு
உள்துறைமுகத்து அடியாழக் கறுப்பு
நங்கூரம் விட்டால் தெரியும் இருப்பு

வெளியிட்ட அன்றே சொன்னார்கள்:
"பின்னே, ராப் உங்கட ஆக்களுக்குச் சும்மா வருமே!"
கபிலேஷின் இரத்தத்தை யாரும் விசாரிக்கவில்லை.
அவனுக்குப் பயிற்சியாம்.
எனக்குப் பரம்பரையாம்.
விடிய மூன்று மணிவரை வெட்டி வெட்டி எழுதிய கொப்பி,
எதுகைக்காக மறுபடி பிரித்த
சாதாரண தரத் தமிழ்ப் புத்தகம்
(அந்தப் பாடத்தில் எனக்கு சி)
எல்லாம் அந்த ஒரு "சும்மா"வில் போயிற்று.

ஆனாலும்
அது எங்களுடையது இல்லை என்று
நான் சொல்லப் போவதில்லை.
உடைந்த போனில்,
பார்த்திராத ஊரின் ஒரு கறுப்பி
மூச்சு விடாமல் கதைத்துக்கொண்டே போனாள்.
பாதி இங்கிலீஷ் விளங்கவில்லை.
அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது
விளங்கிற்று.
வேறு வேறு கரைகளில் ஏற்றப்பட்டவர்கள் நாங்கள்.
அந்த இரவு
பவுடர் டப்பாவைத் தேடாமல்
கண்ணாடி முன் நின்றேன்.

மனேஜரிடம் கேட்டேன்:
ஆடத் தெரியாது. மைக் தருவீங்களா?
"தமிழில பாடினா வெள்ளைக்காரருக்கு விளங்குமா?"
பப்பாசிச் சாற்றை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.
காசை மேசையில் வைத்தேன்,
சில்லறையும் சேர்த்து.

சனிக்கிழமை டச்சு பே.
கடன் வாங்கிய ஒரு ஸ்பீக்கர்,
சோளம் விற்பவரின் லைட்,
நாற்பது பேர் வரும், நான்கு மான்கள்.
இரண்டாம் பாட்டில் கரண்ட் போனது.
தொண்டையால் மிச்சத்தைச் சொன்னேன்.
மூச்சு இரைத்த இடத்தையெல்லாம்
தாளம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அப்பா பிந்தித்தான் வந்தார்.
சீனக்குடா மா ஆலையில் இருந்து நேரே,
புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக.
அந்தக் கோலத்தில் அவரை
யாரும் ஒன்றும் சொல்வதில்லை.
தெருக் குழாயடியில் நின்று
முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.
பிறகுதான்
முன்னுக்கு வந்தார்.